ஒரு விரற்கடைத் தெளிவு

இந்த லென்ஸுக்கு எனக்கு முன்பு இரண்டு பேர் சொந்தக்காரர்கள். முதலாமவர் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் எடுத்தவர். இரண்டாமவர் வால்பாறையில் குரங்கு எடுத்தவர். என்னிடம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. 300 மில்லிமீட்டர், எஃப் 2.8. எடை இரண்டரைக் கிலோ. பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் ஒரு கை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளைப் பெயின்ட் உரிந்த இடங்களில் உலோகம் தெரிகிறது. முன்மூடிக் குழல் ஒருமுறை விழுந்து விரிசல் விட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன்.

300ஐ 2.8ஆல் வகுத்தால் 107 வரும். ஒளி நுழையும் வாயின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு காபி டபராவின் வாய். இந்த லென்ஸின் எடை, விலை, அது தரும் அழகு, அது செய்யும் ஏமாற்று எல்லாமே அந்த வாயின் அகலத்திலிருந்து வருபவை.

இவ்வளவு பெரிய வாயை யாரும் மங்கலுக்காகச் செய்யவில்லை, வெளிச்சத்துக்காகச் செய்தார்கள். 1839இல் டாகரின் புகைப்பட முறை வெளியானபோது, படம் எடுத்துக்கொள்ள வந்தவர் வெயிலில் பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. மறுவருஷமே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் எஃப் 3.6 அளவுக்குத் திறந்த லென்ஸ் ஒன்றைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். கணக்கில் உதவ ராணுவத்தின் பீரங்கிப் படையிலிருந்து ஆட்களைக் கொடுத்தார்கள். உட்காரும் நேரம் வெகுவாகக் குறைந்தது. கூடவே, கேட்காத ஒன்றும் வந்து சேர்ந்தது: கண் தெளிவாக இருந்தால் காது மங்கியது, பின்னால் இருந்த திரை கரைந்தது.

அந்தக் கேட்காத வரவை விரும்பி ஏற்றுக்கொண்டவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863இல், மகளும் மருமகனும் கொடுத்த கேமராவில் படம் எடுக்கத் தொடங்கினார். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், எல்லோரும் வற்புறுத்துகிற கூர்மை வரும்வரை திருகமாட்டேன் என்ற பொருளில் பின்னால் எழுதினார். ஃபோக்கஸ் செய்யத் தெரியாதவர் என்று அன்றைய விமர்சகர்கள் கடிந்தார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்குப் போனார். களுத்துறையில் உள்ளூர் மக்களைப் படமெடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில், மலையகத் தமிழர்கள் இன்றும் கொழுந்து பறிக்கும் மலைகளுக்கு நடுவே, ஒரு சிறிய தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கிறது. மங்கலை ஒரு மொழியாக ஆக்கியவர் அங்கே உறங்குகிறார் என்பது எனக்கு ஏனோ ஆறுதல் தரும் விஷயம்.

அதன் பிறகும் இழுபறிதான். 1889இல் இங்கிலாந்தில் எமர்சன் என்ற புகைப்படக்காரர், மனிதக் கண்ணே ஒன்றைத் தெளிவாகவும் மற்றதை மங்கலாகவும்தான் பார்க்கிறது, படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புத்தகம் போட்டார். 1932இல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸும் நண்பர்களும் திறப்பை மிகச் சிறிதாக்கி, கூழாங்கல் முதல் மலை முகடு வரை கூர்மையாக இருக்கட்டும் என்று குழு அமைத்தார்கள். குழுவின் பெயரே எஃப் 64.

நீண்ட லென்ஸில் பெரிய வாய் வைப்பது வேறு கஷ்டம். சாதாரணக் கண்ணாடி சிவப்பையும் நீலத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்காது. வாய் பெருகப் பெருக விளிம்புகளில் நிறம் கசியும். ஃப்ளோரைட் என்ற படிகம் அந்தக் கசிவை அடக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கி செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பூமியில் கிடைக்கும் கற்களில் பழுதில்லாத பெரிய துண்டு அரிது. கேனான் நிறுவனம் அதைச் சூளையில் உருக்கி, மெதுவாக ஆறவைத்து, செயற்கையாக வளர்த்தெடுத்தது. 1969இல் ஃப்ளோரைட் வைத்த அவர்களுடைய முதல் 300 மில்லிமீட்டர் லென்ஸ் கடைக்கு வந்தது. அதன் திறப்பு எஃப் 5.6 தான். எஃப் 2.8 எழுபதுகளில் வந்தது. மென்மையான, வெப்பத்துக்கு வாடுகிற படிகம். வெயில் ஏறாமல் இருக்கத்தான் உடலுக்கு வெள்ளைப் பெயின்ட். விளையாட்டு மைதான ஓரத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் குழல்களின் கதை அது.

என் லென்ஸும் அந்த வரிசையில்தான் வாழ்க்கையைத் தொடங்கியது. முதல் சொந்தக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. 2001 மார்ச்சில் ஆஸ்திரேலியாவை இரண்டு விக்கெட்டில் ஜெயித்த டெஸ்ட் உட்பட, சேப்பாக்கத்தில் எத்தனையோ நாள் இதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மங்கலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான்.

“பின்னாடி இருக்கிற விளம்பரப் பலகை கரைஞ்சிடணும்ப்பா. சோப்பு பேரா தெரியணும்? பையன் மூஞ்சி தெரியணும்.”

அங்கே லென்ஸ் அவரிடம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டது. எல்லைக்கோட்டிலிருந்து ஆடுகளம் எழுபது மீட்டர் என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் எஃப் 2.8இல் தெளிவாக இருக்கும் பட்டையின் ஆழம் ஒன்பது மீட்டர். பேட்ஸ்மேனும் தெளிவு, பின்னால் நிற்கும் கீப்பரும் தெளிவு. கை கொஞ்சம் பிசகினாலும் படம் பிழைக்கும். அதே லென்ஸைப் பத்து மீட்டரில் நிற்கும் விலங்கின் மேல் திருப்பினால் அந்த ஒன்பது மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஐந்து மீட்டரில் நாலரை சென்டிமீட்டர் கூட இல்லை. மூன்று மீட்டரில் ஒன்றரை, அதாவது ஒரு விரற்கடைக்கும் குறைவு. தூரம் பாதியானால் ஆழம் கால்வாசியாகிவிடும். காட்டில் படம் எடுக்கிறவர் படும் பாடெல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கும்.

இரண்டாவது சொந்தக்காரர் வால்பாறை எஸ்டேட் டாக்டர். புதுத்தோட்டம் பக்கத்துச் சோலைத் துண்டுகளில் வாழும் சிங்கவால் குரங்குகள்தான் அவருடைய உயிர். கறுப்பு முகம், அதைச் சுற்றி வெள்ளிப் பிடரி, மேலே வெயிலை வடிகட்டும் மர மூடாக்கு. இருட்டில் கறுப்பை எடுக்க வேண்டும். எஃப் 2.8க்கு மேல் ஒரு படி மூடினாலும் படமே கிடையாது. அவருக்கு மங்கல் ஓர் அழகியல் முடிவே அல்ல, அந்தக் காட்டின் வெளிச்சம் விதித்த நிபந்தனை. அவருடைய படங்களில் தாயின் கண் தெளிவாக இருக்கும், மடியில் இருக்கும் குட்டி புகையாக இருக்கும். “ரெண்டையும் பிடிக்கணும்னா ரெண்டும் ஒரே தூரத்துல வரணும்; அதுவரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்” என்பார். உட்கார்ந்திருப்பார். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே மரத்தடியில் காத்திருந்து, தாயும் குட்டியும் ஒரே கிளையில் பக்கவாட்டில் உட்கார்ந்த ஒரு படத்தோடு வந்தார்.

அந்த மழைதான் லென்ஸைக் கெடுத்தது. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது. டாக்டர் எல்லோரையும் போல இரும்பு பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு போட்டு லென்ஸை வைத்திருந்தார். அந்தச் சின்னச் சூட்டில் ஈரம் அண்டாது. ஓர் ஆடியில் மரம் விழுந்து நாலைந்து நாள் கரண்ட் இல்லை. பல்பு அணைந்தது. அவரும் ஆஸ்பத்திரி வேலையில் பீரோவை மறந்தார். பிறகு ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சணம் படர்ந்திருந்தது.

சென்னையில் மவுண்ட் ரோட்டின் பின்சந்து ஒன்றில் ஒரு பெரியவர் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். துடைத்தால் பூஞ்சணம் போகும். ஆனால் அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்த தடம் போகாது. “நூல் மாதிரி ஒரு கோடு பதிஞ்சிடுச்சு டாக்டர். படத்துல தெரியாது, பயப்படாதீங்க” என்றாராம். டாக்டருக்குத் தோள்வலி வந்து இரண்டரைக் கிலோவைத் தூக்க முடியாமல் போனபோது இதை என்னிடம் கொடுத்தார். கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசினார்.

முதல் வருஷம் முழுக்க நான் மூக்கு எடுத்தேன். பொய் இல்லை. புள்ளிமான் நேராகப் பார்க்கும்போது மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே அரைச் சாணுக்கும் மேல் தூரம் இருக்கும். ஐந்தாறு மீட்டரில் தெளிவு இருப்பதோ இரண்டு மூன்று விரற்கடை. ஃபோக்கஸ் கறுத்துப் பளபளக்கிற மூக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். ஈரமான மூக்கின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும், அதற்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கறையாகக் கண்கள். கண் தெளிவாக இல்லாத விலங்குப் படத்தைப் பார்க்கிறவர் மனம் ஏற்பதில்லை. எதிரில் நிற்கிறவர் முகத்தில் நாம் முதலில் தேடுவது கண்ணைத்தானே.

ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள என் தாத்தாவை நினைத்துக்கொண்டால் போதும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, பேப்பரைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிப்பார். சுருக்கும்போது ஒளி நுழையும் வாய் சிறிதாகிறது, எழுத்து தெளிகிறது. லென்ஸிலும் அதேதான். மானின் கண்ணில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, டபரா வாய் முழுக்கப் பரவி நுழைந்து, உள்ளே கூம்பாகக் குவிந்து, சென்சாரில் மறுபடி புள்ளியாகிறது. மூக்கிலிருந்து வரும் கூம்போ சென்சாரைத் தாண்டித்தான் கூடும். பின்னால் உள்ள மரத்தின் கூம்பு அதற்கு முன்பே கூடி மறுபடி விரிந்துவிடும். இரண்டும் சென்சாரில் புள்ளியாக விழாமல் வட்டமாக விழும். வாய் அகன்றிருந்தால் கூம்பு தடிமன், வட்டம் பெரிது. வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மெழுகுகிற மெழுகல்தான் நாம் பார்க்கும் மங்கல். ஜப்பானியர் அதை ‘பொக்கே’ என்பார்கள். 1997இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை எடுத்து எழுதிய பிறகு உலகம் முழுக்க அந்தச் சொல் ஓடியது.

இந்த லென்ஸ் எனக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது பழவேற்காட்டில் கிடைத்தது. தை மாதக் காலை, ஏரி ஓரச் சேறு. வயிறு படியப் படுத்து, பழைய அலுமினியத் தட்டு ஒன்றில் லென்ஸை வைத்துச் சேற்றின் மேல் தள்ளிக்கொண்டே போனேன். கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அலகையும் சேர்த்து ஒரு சாண் கூட இல்லாத பறவை. ஆர்க்டிக்கை ஒட்டிய சைபீரியத் தரையில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்கும்போது ஓர் அதிசயம் தெரியும். தெளிவின் பட்டை சேற்றின் மேல் ஒரு கோடாக விழும். யாரோ விரலால் குறுக்கே இழுத்த மாதிரி, அந்தக் கோட்டில் மட்டும் சேற்றின் ஒவ்வொரு குருணையும், புழு தள்ளிய மண் சுருளும், ஓர் உடைந்த சிப்பியின் விளிம்பும் துல்லியமாக இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் புகை. அந்தப் பக்கம் புகை.

நான் ஃபோக்கஸைத் தொடவில்லை. உள்ளான் புகையிலிருந்து கோட்டை நோக்கி வந்தது. முதலில் ஒரு சாம்பல் கறை. பிறகு கால் இருக்கிற கறை. கொத்தியது, இரண்டடி வைத்தது, கொத்தியது. கோட்டைத் தொட்டபோது மார்பு இறகுகளுக்கு விளிம்பு வந்தது, கறுப்புக் கால் முளைத்தது, கண்ணில் என் தலைக்கு மேலிருந்த வானம் ஒரு வெள்ளைப் பொட்டாக நின்றது. அலகு நுனியில் சேறு. ஒரு விநாடிக்கும் குறைவு. கோட்டைத் தாண்டி மறுபடி கறையானது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உயிர், ஒரு விரற்கடை அகலத் தெளிவைக் கடந்து போன அந்தக் கணத்தில் நான் ஷட்டரை அழுத்தவும் மறந்துவிட்டேன். இரண்டாவது முறை கோட்டைக் கடந்தபோதுதான் படம் எடுத்தேன்.

இந்த அழகுக்கு நான் முழு அடிமையாக இருந்த நாட்களில்தான் மா. கிருஷ்ணனின் படங்களை நிதானமாகப் பார்க்க நேர்ந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதிய முன்னோடி. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே கோத்து ஒரு பெரும் கருவி செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய யானையைப் பார்த்தால் கூடவே மூங்கிலையும் பார்த்தாக வேண்டும். யானை நிற்கும் இடம் எது, காலடியில் என்ன புல், எதைத் தின்ன வந்தது என்று படமே சொல்லும். என் படங்களில் மான் எங்கே நிற்கிறது என்று கேட்டால் எனக்கே பதில் இல்லை. கிண்டியாக இருக்கலாம், கோடியக்கரையாக இருக்கலாம், ஒரு மிருகக்காட்சிசாலையாகக்கூட இருக்கலாம்.

அப்போதும் திருந்திவிடவில்லை. திருத்தியது முதுமலையில் ஒரு சொல்.

மழை ஓய்ந்த மாதம். அனுமதி பெற்ற ஒரு கணக்கெடுப்புக் குழுவோடு போயிருந்தேன். இருபத்தைந்து மீட்டரில் ஒரு பெண் புள்ளிமான். பின்னால் பதினைந்து மீட்டர் தள்ளி, மரங்கள் முழுக்க மஞ்சள் பூ. எஃப் 2.8இல் அந்தப் பூவெல்லாம் உருகி ஒரே தங்கத் திரையாகிவிட்டது. மான் தகட்டில் பதித்த சிலை மாதிரி நின்றது. குழுவில் எல்லோரும் கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்துச் சிலாகித்தார்கள். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், இருளர், என்னைவிட வயதில் மூத்தவர். அவரும் வாங்கிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு சார்” என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆனா இதுல மானுக்குத் திங்க ஒண்ணுமில்லையே” என்றார்.

அந்த மஞ்சள், சென்னா ஸ்பெக்டபிலிஸ். அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளின் மரம். நட்ட இடத்திலிருந்து பரவி முதுமலையிலும் பக்கத்து வயநாட்டிலும் காட்டை மூடிக்கொண்டு வருகிறது. அடர்ந்து வளர்ந்து நிழல் கட்டினால் கீழே புல் முளைக்காது. வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். வனத்துறை ஆண்டுக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, பட்டை உரித்து, வேரோடு பிடுங்கி, காகிதக் கூழுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முன்பே அழகுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி பாதிக் காட்டின் தரையைப் பிடித்துவிட்டது. அதை மங்கலாக்கினால் மென்பச்சைத் திரை கிடைக்கும். என்னிடம் அப்படி நூறு படம் இருக்கிறது. காட்டின் நோயை எடுத்து, கரைத்து, மானுக்குப் பின்னால் பட்டுத்துணியாக விரித்திருந்தேன். பார்க்கிறவர்கள் வளமான காடு என்று நினைத்தார்கள். நானும்தான்.

மறுநாள் காலை அதே இடத்துக்கு அதே மந்தை வந்தது. பீன் பேக்கில் லென்ஸை அழுத்தி வைத்து, திறப்பை எஃப் 16க்கு மூடினேன். இந்த லென்ஸை வாங்கியதிலிருந்து அந்த எண்ணுக்குப் போனதே இல்லை. பின்னால் இருந்தது அப்போதும் முழுக்கத் தெளியவில்லை. ஆனால் மரங்கள் மரங்களாயின. ஒரே உயரம், ஒரே வயது, நெருக்கியடித்து நின்றன. கீழே உதிர்ந்த காய்ந்த இலை, வெற்று மண். அதன் விளிம்பில் மிஞ்சியிருந்த ஒரு கீற்றுப் புல்லில் ஏழு மான்கள் வரிசையாகத் தலை குனிந்திருந்தன. அந்தப் படத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அதுதான்.

திறந்தே எடுப்பதை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. உள்ளானை இன்றும் திறந்துதான் எடுப்பேன். அந்தச் சேற்றில் வேறு எதுவும் அந்தக் கண்ணைவிட முக்கியமில்லை. ஆனால் மங்கலாக்கும் முன் பின்னால் இருப்பது என்னவென்று பெயர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். இன்னொரு விதியும் உண்டு. ஆழம் சுருங்க வேண்டும் என்ற ஆசை நம்மை அறியாமல் காலை முன்னே தள்ளும். இன்னும் இரண்டடி போனால் பின்னணி இன்னும் கரையும் என்று தோன்றும். அந்த இரண்டடி, பறவை இரையை விட்டு எழுந்து பறக்கும் இரண்டடியாக இருக்கும். மேய்ச்சல் நின்று தலை நிமிர்ந்தாலே நான் அதிகம் வந்துவிட்டேன் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

2016இலிருந்து போனிலேயே போர்ட்ரெய்ட் மோட் வந்துவிட்டது. மங்கலைக் கணக்குப் போட்டுத் தடவிக் கொடுக்கிறார்கள். புதுக் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கின்றன. மூக்கு எடுக்கும் வருஷம் இனி யாருக்கும் தேவைப்படாது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

போன மார்கழியில் அக்கா மகளிடம் லென்ஸைக் கொடுத்தேன். பள்ளிக்கரணையில் நீர்க்கோழி எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். முதல் நாள் கூடப் போனேன். அரிசி நிரப்பிய துணிப்பையைக் கரைச்சுவரில் வைத்து, அதன் மேல் லென்ஸைப் படுக்கப் போட்டாள். வெயில் எதிரே இருந்தது. கோரைக்குப் பின்னால் தண்ணீர் முழுக்க மினுக்கல். ஒரு தாழைக்கோழி வெளியே வந்து, சிவந்த நெற்றியோடு ஒரு நிமிடம் நின்றது. எடுத்தாள். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கோழியின் கண் தெளிவு. பின்னால் மினுக்கலெல்லாம் வட்டம் வட்டமாக, தட்டில் பரப்பிய காசு மாதிரி.

“மாமா, இது என்ன? எல்லா வட்டத்துக்குள்ளயும் ஒரு முடி இருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மேலிருந்து சரிந்து இறங்குகிற நூல் மாதிரி மெல்லிய கோடு. தெளிந்த இடத்தில் எங்கும் இல்லை. மங்கிய இடத்தில் மட்டும், வட்டத்துக்கு ஒன்றாக, நூற்றுக்கணக்கில்.

“வால்பாறை மழை” என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். தாழைக்கோழி மறுபடி கோரைக்குள் போய்விட்டது. அது வெளியே வரும்வரை எங்களுக்கு நேரம் இருந்தது. பீரோவிலிருந்து, அதற்குள் அணைந்த பல்பிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.